பதினாறு

பூங்காவை ஒருமுறை சுற்ற
ஒரு பாட்டு நேரம் ஆகும்.
இரண்டாம் சுற்றில் எஃப்.எம்.மில் நகைக்கடை விளம்பரம்.
மூன்றாம் சுற்றில்
கல்லூரிக்குப் போகாமல் வேலியோரம் உட்கார்ந்திருக்கும் அந்த இருவர்
என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒன்று முதல் பதினைந்துவரை பூங்கா ஓரம்.
பதினாறிலிருந்து மாதக் கடைசிவரை கட்டட ஓரம்.
நாள்காட்டி பார்க்காமல்
எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூட நிற்காது.

அந்தச் சாம்பல் நிற வேகன்-ஆர்
ஒன்றாம் தேதி வந்தது.
தூங்குமூஞ்சி மரத்துக்கு நேர் கீழே, என் இடத்தில்.
(என் இடம் என்று யாரும் எழுதித் தரவில்லை.
ஒன்பது வருடமாக, எட்டே முக்காலுக்கு
நான்தான் அங்கே நிறுத்துவேன்.)

இரண்டாம் தேதி இருந்தது.
ஐந்தாம் தேதி இருந்தது.
ஐப்பசி மழையில் இலைகள் ஒட்டி
கண்ணாடிமேல் காக்கை எச்சம் வழிந்து
டயர்களில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி
எட்டாம் தேதியும் அங்கேயே இருந்தது.
பத்தாம் தேதி, ஆறாவது சுற்றில்,
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதி
வைப்பரில் செருகினேன்:
'இது என்ன உங்க அப்பன் வீட்டு வாசலா?'
கையெழுத்துப் போடவில்லை.
நான் அரசு ஊழியன்.

பதினாறாம் தேதி தெருவே எதிர்ப்பக்கம் மாறியது.
அது மட்டும் மாறவில்லை.
இழுவை வண்டி எங்கோ மந்திரி வேலையாகப் போயிருந்தது.

பதினேழு காலை
ஒரு பெண் சாவியோடு நின்றிருந்தாள்.
பக்கத்தில் மெக்கானிக் பையன்.
சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி போலீஸ்காரர்
கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னார்:
"பதினாறு முடிஞ்சுதேம்மா, தெரியாதா?"

"தெரியுங்க," என்றாள்.
"நேத்துதான் முடிஞ்சுது.
எண்ணெய் தேய்ச்சு முழுகிட்டு
சொந்தக்காரங்களை பஸ் ஏத்திட்டு
இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது."

தொப்பி கையில் இறங்கியது.

பூங்கா வாட்ச்மேன் கலிவரதன் எனக்கு மெதுவாகச் சொன்னார்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வந்தாராம் அந்த ஆள்.
ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை.
பூங்காவை மூன்று சுற்று சுற்றினாராம்.
இங்கே கிடைத்ததும்
பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நேராக விட்டு,
கண்ணாடியை மடக்கி,
பூட்டியாச்சா என்று கதவை இழுத்துப் பார்த்துவிட்டு
நடந்தே போனாராம்.

எந்த மூன்று சுற்று?
அன்று எனக்கு முன்னால் ஒரு வண்டி
ஊர்ந்து ஊர்ந்து போனதே,
விடாமல் ஹாரன் அடித்தேனே, அதுவா?
கேட்கவில்லை.

அவள் வைப்பரைத் தூக்கி
அந்தக் காகிதத்தை எடுத்தாள்.
மழையில் மை கரைந்து
ஒரு நீலக் கறை மட்டும் இருந்தது.
"அபராதச் சீட்டுங்களா? எவ்வளவு கட்டணும்?"
போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒண்ணும் கட்ட வேணாம்" என்றது
என் குரல்.
அவள் அதை நான்காக மடித்து
பைக்குள் வைத்துக்கொண்டாள்.
இப்போது எல்லாக் காகிதமும் அவளுக்குத் தேவைப்படும்போல.

பேட்டரி செத்திருந்தது.
பையன் ஸ்டியரிங்கில்.
போலீஸ்காரர், கலிவரதன், வேலியோரத்து இருவர், நான்.
அவளும் புடவையைச் செருகிக்கொண்டு கை கொடுத்தாள்.
தூசுமேல் எங்கள் கைகள் பதிந்தன,
யாருடையது எதுவென்று தெரியாதபடி.
கோயிலுக்கு வந்த ஏதோ புது வண்டி
நசுக்கிப்போட்ட எலுமிச்சைமேல் ஏறி
ஒருமுறை இருமி
அது கிளம்பியது.

மரத்தடியில்
நனையாத நீள்சதுரம்.
சுற்றிலும் ஈர இலைகளின் விளிம்பு.
பதினேழு நாளாக நான் கேட்ட இடம்.
இனி ஒன்றாம் தேதிவரை
அங்கே யாரும் நிறுத்தக் கூடாது.

"நடுரோட்டுல இன்டிகேட்டர் போட்டு நிக்குதே,
அது யாருது சார்?"

என்னுதுதான்.
எடுத்தேன்.
பாட்டு பாதியில் இருந்தது.